பனி மேல் போட்ட பழி

கேள்வி: கடல் பாலூட்டிகளிடையே வைரஸ் இனம் விட்டு இனம் தாவுவதற்கு ஆர்க்டிக் பனி உருகுவதே காரணமாமே?

பதில்: பனி வக்கீல் வைக்காது என்ற தைரியத்தில் சொல்கிறார்கள். 1988 ஏப்ரலில் டென்மார்க்கின் அன்ஹோல்ட் தீவில் சீல்களின் குறைமாதக் குட்டிகள் கரை ஒதுங்கின. பிறகு பெரியவை மூக்கொழுகி, இருமி, மூச்சுத் திணறிச் செத்தன. வட ஐரோப்பாவில் ஏறத்தாழ 18,000 ஹார்பர் சீல்கள் பலி. கொன்றது தட்டம்மை வைரஸின் பங்காளியான சீல் டிஸ்டெம்பர். ஆர்க்டிக்கின் ஹார்ப் சீல்களின் பழைய ரத்த மாதிரிகளில் அதற்கான ஆன்டிபாடி ஏற்கெனவே இருந்தது. அந்த ஹார்ப் சீல்கள் கொள்ளைநோய்க்குச் சற்று முன்புதான் இரை கிடைக்காமல் கூட்டமாகத் தெற்கே வந்திருந்தன. ஆக, அன்று கதவைத் திறந்தது பசியாகத்தான் இருக்க வேண்டும். சாம்பல் சீல்களுக்கும் தொற்றியது, ஆனால் அதிகம் சாகவில்லை. வம்பே அங்கேதான்: செத்தது ஊர் சுற்றாது, தேறியது சுற்றும். அதே சமயத்தில், கடலே எட்டாத பைக்கால் ஏரிச் சீல்களைக் கொன்றது நாய்களின் டிஸ்டெம்பர்.

அப்படியானால் பனி நிரபராதியா என்பீர்கள். இல்லை. அட்லாண்டிக்கில் சீல்களைக் கொன்ற அதே சீல் டிஸ்டெம்பர் வைரஸ் பசிபிக்கில், அலாஸ்காவின் கடல் நீர்நாய்களிடம் தென்பட்டது. 2019-இல் வெளியான ஆய்வு, பனி குறைந்து நீர்வழி திறந்த ஆண்டுகளை அடுத்துத் தொற்று கூடியதைக் காட்டியது. ஒத்துப்போவது நிரூபணமாகாது என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனாலும் வழி திறந்தால் போக்குவரத்து கூடும் என்பதை மறுக்க முடியாது. நோயைச் சுமந்தும் சாகாத இனம், எதிர்ப்புச் சக்தியில்லாத கூட்டம், இரண்டையும் சேர்க்கும் பாதை ஆகிய மூன்றும் கூடினால்தான் கொள்ளைநோய். பனி மூன்றாவதற்கு மட்டுமே பொறுப்பு. இரண்டாவதைத் தடுப்பூசியால் மாற்றலாம். ஹவாயில் மங்க் சீல்களுக்கு 2016 முதல் போடுகிறார்கள், கூட்டம் சிறியதென்பதால். வட கடலின் பல்லாயிரம் சீல்களை யார் வரிசையில் நிறுத்துவது?