கடல் வரை ஒரு பாதை

கேள்வி: எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் 'இன்க்ளூசிவிட்டி' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?
– வாசகி, திருச்சி

பதில்: மெரினாவுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ஊருக்கே பொதுவான கடற்கரைதான். ஆனால் முன்பெல்லாம் சக்கர நாற்காலியில் வந்தவருக்கு மணலில் சக்கரம் புதைந்துவிடும். அலைச் சத்தத்தோடு திரும்ப வேண்டியதுதான். 2022 நவம்பரில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அலையில் கால் நனைத்தவர்கள் உண்டு. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பலகைகளைப் பெயர்த்துப் போட்டது. மறுபடியும் சரிசெய்தார்கள். எனக்குப் பாதை திறந்ததைவிட இந்த 'மறுபடியும்'தான் பெரிதாகப் படுகிறது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் போதும், புயலுக்கு அப்புறம் ஆணி அடிக்க அக்கறை வேண்டும். அது சரி, நீங்கள் போன கூட்டம் எத்தனாவது மாடியில் நடந்தது? லிஃப்ட் இருந்ததா?