ரீட்மீ படித்துவிட்டுச் சாப்பிடவும்

ஞாயிற்றுக்கிழமை சிக்கன் வேண்டுமென்றால் வெள்ளி நள்ளிரவுக்குள் மெஸ் தளத்தில் பெயர் பதிய வேண்டும். மறந்தால் சாம்பார்தான். கெடு நெருங்கும்போது டெலிகிராமில் கூவ பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினான் விடுதித் தம்பி ஒருவன். அதுவரை சரி. பிறகு அதற்கு ரீட்மீ ஆவணம் எழுத உட்கார்ந்தான்.

நிறுவும் முறை, பங்களிப்போருக்கான நெறிமுறை, எம்ஐடி உரிமம் எல்லாம் வந்து சேர்ந்தன. உள்ளது உள்ளபடிதான், எந்த உத்தரவாதமும் கிடையாது என்பது அந்த உரிமத்தின் சாரம். மெஸ் உப்புமாவும் இதே உரிமத்தில்தான் வெளியாகிறது என்பது என் நெடுநாள் சந்தேகம்.

நேரத்துக்கென்றே தனி அத்தியாயம். சர்வர் ஓடுவது யுடிசி நேரத்தில். நாம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். அங்கே மாலை 6:30 ஆனால் இங்கே கெடு முடிந்தது. நிரலைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரான் அட்டவணையில் ஞாயிறை 0 என்றும் எழுதலாம், பெரும்பாலான இடங்களில் 7 என்றும் எழுதலாம். அதனால் வாரத்துக்கு இரண்டு சிக்கன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம் என அடிக்குறிப்பு வேறு.

விடுபட்டது ஒன்றுதான். மெஸ் வாசல் கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து: ‘இந்த வாரம் வியாழனே கடைசி.’ அதற்கு ஏபிஐ கிடையாது.

“போர்டப் பாக்கலியா தம்பி?” என்றார் மாஸ்டர், சாம்பார் ஊற்றியபடி.

அடுத்த பதிப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி ஒரு கேமரா வருகிறதாம். கேமரா இன்னும் வாங்கவில்லை, ஆவணம் தயார்.