கழுகின் வாலிறகும் வாங்குபவரின் அறமும்: ஓர் ஆய்வு

1878 மார்ச் 11 அன்று பிலடெல்பியா நாணயச்சாலையில் முதல் மார்கன் வெள்ளி டாலர் அடிக்கப்பட்டது. அதன் பின்பக்கத்தில் சிறகு விரித்து நிற்கும் கழுகுக்கு வாலில் எட்டு இறகு. பழைய அமெரிக்க நாணயங்களில் வாலிறகு ஒற்றைப்படையில் அல்லவா இருந்தது என்ற ஆட்சேபம் எழவே, சில நாட்களில் எட்டு ஏழாயிற்று. அதற்குள் தயாராகிவிட்ட எட்டிறகு அச்சுகளை வீணாக்க மனமில்லாமல் சிலவற்றின் மேலேயே ஏழிறகை அழுத்தினார்கள். அவற்றில் அடித்த காசில் ஏழு இறகுக்கு அடியிலிருந்து பழைய இறகுகளின் நுனி எட்டிப் பார்க்கிறது. உயிருள்ள வெண்தலைக் கழுகுக்கு வாலிறகு பன்னிரண்டு என்பதை இங்கே அடக்கத்தோடு பதிவு செய்கிறோம். எட்டும் பிழை, ஏழும் பிழை. பிழைகளுள் எது அரிய பிழை என்பதே இத்துறையின் ஆராய்ச்சிப் பொருள்.

இத்துறையின் மூலநூல் ஆசிரியர்கள் இருவர்: லீராய் வான் ஆலன், ஜார்ஜ் மாலிஸ். எந்த முன்பக்க அச்சும் எந்தப் பின்பக்க அச்சும் கூடி ஒரு டாலர் பிறந்தது என்று ஆராய்ந்து, ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து அந்த எண்ணை ‘வேம்’ என்கிறார்கள். 1878ஆம் ஆண்டுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வேம்கள் உண்டு. அவற்றுள் 44ஆவது, முன்பக்கத்திலுள்ள சுதந்திர தேவியின் கூந்தலில் செருகிய பருத்திப் பூ மூன்று மூன்றாகத் தெரிவது, ‘வேம்களின் அரசன்’ எனப் போற்றப்படுகிறது. 1888இல் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் தேவியின் உதடு இரட்டையாக விழுந்த டாலருக்குச் ‘சூடான உதடுகள்’ என்று பெயர். பெயரிட்டவர்களின் தனிமை குறித்து ஆய்வாளர் கருத்துரைக்க விரும்பவில்லை.

அரிதாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1918இன் பிட்மன் சட்டப்படி அமெரிக்கா 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதியைப் பிரிட்டன் வாங்கியது, இந்தியாவில் ரூபாய்த் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்காக. நம் பாட்டிமார் முந்தானையில் முடிந்து வைத்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் அமெரிக்கக் கழுகின் வெள்ளியும் கலந்திருக்கக்கூடும்.

இனித் தரம். காசுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் முறையை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர். பழைய செம்புச் சென்ட்டுகளுக்காக அவர் போட்ட கணக்கு இது: தேய்ந்து மாய்ந்த காசு ஒரு மடங்கு விலை என்றால், புத்தம் புதியது எழுபது மடங்கு. இதே ஷெல்டன் மனித உடல்களையும் மூவகையாகப் பிரித்து மதிப்பெண் போட்டார். அங்கே ஒவ்வொரு வகைக்கும் உச்சம் 7தான். மனிதனுக்கு ஏழும் செம்புக்கு எழுபதும் கொடுத்த இந்த அறிஞர், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் பெட்டகத்திலிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தம்முடைய மட்டமான சென்ட்டுகளை வைத்திருந்தார் என்பது அவர் மறைவுக்குப் பின் தெரியவந்தது. எண்ணிக்கை 129. வழக்கு நீதிமன்றம் வரை போனது. காசின் தரத்தை அளக்கும் கோலும் காசை மாற்றி வைக்கும் கையும் ஒருவரிடமே இருந்தன என்பதால், ‘தரமும் அறமும் ஒன்றே’ என்னும் கட்சி இங்கேயே வீழ்ந்தது என்க.

1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று தரநிர்ணய நிறுவனங்கள் வந்தன. காசைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, மேலே சீட்டு ஒட்டி மதிப்பெண் எழுதினார்கள். இந்தப் பெட்டிக்கு ‘ஸ்லாப்’ என்று பெயர். எட்டு இறகா, ஏழா, ஏழுக்கடியில் எட்டா என்ற பெரும்பிரிவுகளைச் சீட்டு சொல்லிவிடும். அதற்குக் கீழுள்ள வேம் எண்ணைத் தனிக் கட்டணம் கட்டிக் கேட்டால்தான் பொதுவாகச் சொல்லும். இந்த மௌனத்திலிருந்துதான் நம் பிரச்சினை பிறக்கிறது. விற்பவர் சீட்டைப் படித்து விலை வைக்கிறார். வாங்குபவர் லென்ஸை எடுத்துக் காசைப் படிக்கிறார். சாதாரண டாலரின் விலை ஒட்டிய பெட்டிக்குள் அரிய வேம் ஒன்று உட்கார்ந்திருப்பது அவருக்கு மட்டும் தெரிகிறது.

அந்தக் கணத்தில் வாங்குபவரிடம் தோன்றும் மாற்றங்களைத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலைக் கொண்டே விளக்க முடியும். எழுவது மருட்கை, உவகை, பெருமிதம். வெளியே காட்ட வேண்டியது இளிவரல். அவர் அந்தக் காசைக் கீழே வைப்பார். பக்கத்துக் காசை எடுத்து நெடுநேரம் பார்ப்பார். வானிலை பேசுவார். பிறகு தனக்கு வேண்டாத ஒன்றோடு சேர்த்து, போகிற போக்கில் இதையும் நீட்டுவார்.

அடுத்து வருவதுதான் இத்துறையின் தீராச் சிக்கல். சொன்ன விலையை அப்படியே கொடுத்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சந்தேகம் தட்டும். கொடுக்கிற காசை வாங்காமல் அவரும் லென்ஸை எடுப்பார். ஆகவே ரகசியம் காக்க ஒரே வழி பேரம். பத்து மடங்கு பெறுமானமுள்ள பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘விலை கொஞ்சம் ஜாஸ்தி, குறைச்சுக் கொடுங்க’ என்று முகத்தைச் சுளித்துக் கேட்க வேண்டும். மௌனம் ஓர் அறிவு. பேரம் ஒரு நடிப்பு. மௌனத்தை மன்னிக்கும் ஆய்வாளர், நடிப்பின் மேல் கிடைக்கும் ஐந்து டாலர் தள்ளுபடியை மன்னிக்க மாட்டார். களவுக்குக் கழிவு கேட்பது எந்தச் சந்தையிலும் மரபில்லை.

பரபக்கம்: ‘கடைக்காரரிடமும் அதே மூலநூல் இருக்கிறது, லென்ஸும் இருக்கிறது, அவர் பார்க்காதது அவர் குற்றம். மேலும், யாரோ ஒருவர் வீட்டில் இதே காசை வெள்ளி விலைக்கு அவர் வாங்கினாரே, அன்று அவர் பாடம் நடத்தினாரா?’ இதில் பாதி உண்மை. வால் எண்ணியே கண் கெட்டவனுக்கு அந்த அறிவால் ஆதாயம் இல்லை என்றால், அந்த அறிவை யாரும் தேடமாட்டார்கள். அரிய காசுகள் சாதாரணக் காசுகளாகவே கிடந்து மடியும். ஆனால் இந்த வாதம் கடைக்காரரிடம் மட்டுமே செல்லும்.

சுபக்கம்: திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகருக்கு. அங்கே உரையெழுதும் பரிமேலழகர், குறைத்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல் மிகுதியாகக் கொள்வதையும் சேர்த்தே விலக்குகிறார். லென்ஸ் வைத்துக்கொண்டு வாங்குபவருக்கு இதில் தப்ப இடமில்லை என்க.

ஆகவே ஆய்வாளர் துணிபு வருமாறு. தொழில்முறை வியாபாரி தாமே விலை எழுதி வைத்திருந்தால், பேசாமல் அந்த விலையைக் கொடுத்து வாங்கலாம். குறைக்கக் கேட்கக் கூடாது. அவரே ‘இதுல ஏதாவது விசேஷம் இருக்கா சார்?’ என்று கேட்டுவிட்டால், பொய் சொல்வதற்கும் பெட்டியை உடைத்துத் திருடுவதற்கும் வித்தியாசம் இல்லை. விலையை உங்களிடமே கேட்பவர் வியாபாரி அல்லர். உங்களை நம்பி வந்தவர். கணவர் சேர்த்து வைத்த காசுப் பெட்டியைக் கொண்டுவரும் அம்மாவிடம் மௌனமும் பொய்யே. இன்ன காசு இன்ன வேம் என்று எழுதிக் கொடுத்து, நியாயமான லாபத்தைச் சொல்லியே எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுக்கும் உரிமையோடு வாங்கிய காசைத் திருப்பும்போது, வாங்கிய அதே காசையே திருப்ப வேண்டும். ஷெல்டனுக்குப் பிறகு இதையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

விற்பவருக்கும் ஒரு சொல்: சீட்டில் இல்லாத வேம் எண்ணை நீங்களாகவே சொல்லி விலையேற்றினால், நிறுவனத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கும் கட்டணம் உங்களுடையது. வேம் எண்ணைக் கண்டுபிடித்தது வாங்குபவர் என்றால், கட்டணம் அவருடையது.