ஐ.டி.யில் இருக்கும் பிள்ளை

செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி கோயிலைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு இரண்டு பொறியாளர்கள் இருப்பார்கள். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பவன் தெருவுக்கு ஒருவன்தான். காலை ஏழு மணிக்கு வழவழவென்று சவரம் செய்த முகமும் பளபளக்கும் கறுப்பு ஷூவுமாக பஸ்ஸுக்கு நிற்கிறானே, அவனேதான். வித்யா நகரில் 1972-இல் தொடங்கிய அரசு நிறுவனத்தில், அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தவன். ஆனாலும் அமீர்பேட்டில் கோடிங் கற்கும் பெரியப்பா மகன், "சமையல் கத்துக்கப் பரீட்சை வேறயா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

சமையல் மட்டுமா? பரிமாறுதல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு எல்லாம் பாடம். ஒத்திகை வீட்டில்தான் நடக்கும். போர்வையின் மூலையை நாற்பத்தைந்து டிகிரிக்கு மடித்து, மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகுவான். இரவில் அதற்குள் நுழைந்து படுத்த பாட்டி, விடியற்காலையில் "டேய், என்னை அவுத்து விடுடா" என்று குரல் கொடுத்தாள். போன் மூன்றாவது தடவை ஒலிப்பதற்குள் எடுத்து, "குட் மார்னிங், ஹௌ மே ஐ அசிஸ்ட் யூ?" என்பான். ராங் நம்பர் என்று நினைத்து கேஸ்காரர் வைத்துவிடுவார். சிலிண்டர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கச் சொன்னால், "ஜூலியனா, புருன்வாஸாம்மா?" என்று கேட்பான். "வாய்க்குள்ள போற மாதிரிடா" என்பாள் அம்மா. ஃபிரெஞ்சுச் சமையலுக்கு ஐந்து தாய் சாஸ்கள் என்று அவன் விரல் மடக்கும்போது, ஒரே புளிக்கரைசலில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் மூன்றையும் பெற்றெடுத்த அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரம்ஜான் மாதத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து, ஹைதராபாத் ஹலீமுக்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்த கதையைச் சொல்லி முடிப்பான். அதற்குள் அவன் கிண்ணம் காலியாகியிருக்கும்.

கல்யாணப் பந்திக்கு அவனை அழைத்துப் போவது இன்னும் ஆபத்து. ஒருவருக்கு இருபத்துநான்கு அங்குல இடம் விட வேண்டும் என்பது அவன் கணக்கு. அந்த அளவுக்குள் நம் மாமாக்கள் இருவர் உட்கார்ந்து பாயசத்துக்கு வந்துவிட்டார்கள்! பலக்நுமா அரண்மனையில் 101 பேர் அமரும் சாப்பாட்டு மேசையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். வீட்டு மேசைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் எப்போதும் ஈரத் துண்டு.

நடுவே ஒரு பருவம் முழுக்க ஹோட்டலில் இண்டஸ்ட்ரியல் ட்ரெயினிங். மாணவர்கள் சுருக்கமாக ஐ.டி. என்பார்கள். அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மயிலாப்பூர் அத்தைக்குப் போன் போட்டு, "பையன் ஐ.டி.லதான் இருக்கான், நைட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை பொய்யில்லை. பையனோ ஜன்னலில்லாத பின்கட்டில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்து, வெந்நீரும் வினிகரும் தொட்டு ஸ்பூன்களைத் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நிர்வாகம் படிப்பவர்கள் எல்லாருமே இப்படித்தான் போலிருக்கிறது. இவன் சித்தி மகன் ஒருவன் விளையாட்டு நிர்வாகம் படிக்கிறான். உப்பலில் சன்ரைசர்ஸ் மேட்ச் பார்த்துவிட்டு வந்தவனிடம் யார் ஜெயித்தது என்று கேட்டால், "தெரியாது பெரியம்மா, ஆனா நாலாம் கேட்ல கூட்டம் பத்தே நிமிஷத்துல கலைஞ்சுது" என்கிறான்.

கிண்டல் இருக்கட்டும். விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் தண்ணீரோடு வந்து நிற்பவன் அந்தத் தெருவில் நம் ஹோட்டல் மேனேஜ்மென்ட் பையன் ஒருவன்தான். பொறியாளர்கள் ஹெட்போனைக் கழற்ற இன்னும் நேரமிருக்கிறது.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவன் இருப்பான். அடுத்த கிரகப்பிரவேசத்துக்கு, "நீதான் இருக்கியே கண்ணா, இருநூறு பேருக்கு டிபன் பார்த்துக்கோ" என்று அவன் தலையில் கட்டாதீர்கள். அவன் படிப்பது நிர்வாகம். கேட்பதானால் முன்பணத்தோடு கேளுங்கள்.