குனிந்து பாருங்கள் மச்சான்

ஷார்ஜா

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "அங்கே பழைய லேண்ட் குரூஸர் கருவாட்டு விலைக்குப் போகுதாமே, ஒண்ணைக் கப்பல்ல ஏத்தி விடேன்" என்கிறீர்கள். கருவாடு இன்று என்ன விலை விற்கிறது என்று தெரியாமலா கீழக்கரையில் இருக்கிறீர்கள்? இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். நம் நாட்டுக்குள் வரும் பழைய காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வயது மூன்றைத் தாண்டக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறங்க வேண்டும். அதற்குமேல் சுங்கவரி வண்டி விலையையே முழுங்கிவிடும். ஆகவே கப்பலை விடுங்கள். ராமேஸ்வரத்தில் பார்த்து வைத்திருக்கிறீர்களே, 2011 மாடல் ஸ்விஃப்ட், அதற்கு வருவோம்.

இங்கே பழைய கார் வாங்குவது பெண் பார்க்கப் போவது மாதிரி. ரூமே கிளம்பும். மலையாளி கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்பார். பட்டாணி பாய் டயரை உதைத்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். லைசென்ஸே இல்லாத திருநெல்வேலித் தம்பிதான் அதிகம் பேசுவான். விளம்பரங்களில் எல்லாமே 'பெண்மணி ஓட்டியது'. நம் ஊரில் அதுவே 'டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர்'. ராமநாதபுரம் மாவட்டத்தில் விற்பனைக்கு வரும் டாக்டர் வண்டிகளைக் கணக்கெடுத்தால் தெருவுக்கு நாலு ஆஸ்பத்திரி இருக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 16 அன்று இங்கே கொட்டியது 75 வருடப் பதிவுகளில் காணாத மழை. கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்தன. கொஞ்ச காலம் கழித்து ஒரு வண்டி பார்க்கப் போனோம். வெளியே பளபளப்பு, உள்ளே ஊதுபத்தி வாசம். விற்பவர், "பாலைவனத்து வண்டி, தண்ணியே பார்த்ததில்ல" என்றார். மலையாளி ஒன்றும் பேசாமல் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். முதல் முழம் சுத்தம். அடியில் சுருண்டு கிடந்த பகுதியில் காய்ந்த சேறு, கோடு போட்ட மாதிரி. விற்பவர் உடனே வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நீங்களும் பெல்ட்டை இழுங்கள், ஸ்டெப்னியைத் தூக்கி அதன் பள்ளத்தைப் பாருங்கள். 2015லும் 2023லும் சென்னையில் மூழ்கிய வண்டிகளெல்லாம் சென்னையிலேயேதான் இருக்கின்றன என்று யார் சொன்னது?

ஆனால் உங்கள் ஸ்விஃப்டுக்கு வெள்ளத்தைவிட உப்புதான் எதிரி. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்து 2022 டிசம்பரில் ஓய்வு கொடுக்க வைத்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். ஸ்விஃப்டுக்கு யார் போட்டது? அதிலும் 2017இல் அரிச்சல்முனைச் சாலை திறந்தபின், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வண்டி தனுஷ்கோடிக்குத்தான் போயிருக்கும்.

கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு இருக்கிறதே, அது உள்ளே வெற்றுக் குழாய். தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள் உண்டு. மணல் அதை அடைத்தால் உப்பு ஈரம் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். மேலே பெயிண்ட் மின்னும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் தகரம், 'பொத்' என்றால் பட்டி. காந்தமும் வையுங்கள், கெட்டியாகப் பட்டி போட்ட இடத்தில் பிடிக்காது. மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் பைப்பைத் தடவுங்கள். அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எதையோ மூடியிருக்கிறார்கள்.

இன்ஜினைக் காலையில், குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன்பே பானெட் சூடாக இருந்தால் சந்தேகப்படலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மீட்டர் நாற்பதாயிரம் காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புங்கள்.

2011 வண்டிக்கு 2026இல் 15 வருடம் முடிகிறது. புதுப்பிக்க ஆர்டிஓ சோதனையும் பசுமை வரியும் உண்டு, அதை விலையில் கழியுங்கள். ஆர்சியில் கடன் கொடுத்த பேங்க் பெயர் இருந்தால் அதை நீக்காமல் கை நனைக்காதீர்கள். சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு நீங்களே ஒத்துப் பாருங்கள், புரோக்கர் வாசிக்க வேண்டாம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

லாத்தாவுக்கு சலாம். வண்டி முன்னால் கூலிங் கிளாஸோடு நின்று எடுத்த படம் வந்து சேர்ந்தது. அடுத்ததாக, தரையில் படுத்து அடிப்பாகத்தை நாலு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மச்சான்