கமிஷன்காரரை நம்பலாமா?

கேள்வி: வங்கியில் எஃப்.டி. போடப் போன அம்மாவின் தலையில் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கட்டிவிட்டார்கள். கமிஷன் வாங்குபவர் நம் நலனைப் பார்ப்பாரா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பார்ப்பார், இரண்டாவதாக! ஆளைவிடக் கமிஷன் அமைப்பைத்தான் நான் குறை சொல்வேன். பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்டில் போடும் பணத்தில் 2.25 சதவீதம் வரை முதலிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2009 ஆகஸ்ட் 1 முதல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதை ஒழித்தது. உடனே பல விற்பனையாளர்களுக்கு, காப்பீடும் முதலீடும் கலந்த யூலிப் பாலிசி மேல் காதல் பிறந்தது. கமிஷன் அங்கேதான் கொழுத்திருந்தது. 2010 செப்டம்பரில் அதற்கும் கடிவாளம் விழுந்தது.

ஆனால் வீட்டுத் தலைவர் இறந்தால், பீரோவைக் குடைந்து பாலிசிப் பத்திரம் தேடி, க்ளெய்ம் படிவம் நிரப்பித் தருபவரும் கமிஷன் ஏஜெண்ட்தான். அப்படிப்பட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். "கம்பெனியிலிருந்து போன் வரும், எல்லாத்துக்கும் 'ஆமா'ன்னு சொல்லிடுங்கம்மா" என்பவரைப் பார்த்தும் கும்பிடுங்கள், வாசல்வரை வழியனுப்பி!

அம்மா விஷயத்துக்கு வருவோம். பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லையென்றால், பாலிசி வேண்டாமென்று இன்றே எழுதிக் கொடுங்கள். காப்பீடு இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனை, முத்திரைச் செலவு போக மீதி வந்துவிடும். நாள் கடந்திருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், சரிவராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.