வித்துப்புடலாம் மருமகனே, காப்பியக் குடிங்க

வாங்க மருமகனே. மெட்ராசுல ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலம் சாயல்குடி பஜார்ல எறங்கி, பல்லு வெளக்கு முன்னாடியே “மாமா, வீட்ட வித்துப்புடலாமுன்னு இருக்கேன்”ங்கிறீக. வித்துப்புடலாம், அதுக்கென்ன. கருப்பட்டிக் காப்பி ஆறுது, மொதல்ல அதக் குடிங்க.

இந்தப் பக்கம் புஞ்சைய வித்தவன எண்ணணும்னா ஊருச்சனத்தையே எண்ணணும். வீட்ட வித்தவன எண்ண ஒரு கை வெரலே மிச்சம். நானே புஞ்சைய வித்தவந்தான், மறைக்க என்ன இருக்கு. 2016-ல கமுதிப் பக்கம் 2,500 ஏக்கர்ல 648 மெகாவாட்டு சூரிய மின்சாரம்னு எட்டே மாசத்துல நட்டு முடிச்சாகள்ல, பலக மட்டும் 25 லட்சம்னு பேப்பர்ல போட்டான். அதுக்குப் பெறகு காடுகரையெல்லாம் தரகருங்க நடமாட்டம். நம்ம மூணு ஏக்கர் கருவக்காட்டையும் ஒருத்தரு வந்து கேட்டாரு. மானாவாரி. பருத்தி போட்டா பஞ்சு வராது, மல்லி போட்டா வாசன மட்டும் வரும். கருவைய வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் அஞ்சாறு வருசம் ஓடுச்சு. காலமெல்லாம் எந்த வெயில நின்னு வஞ்சேனோ, அந்த வெயிலுக்கே வெல சொன்னாரு மனுசன். மூணே நாள்ல கையெழுத்துப் போட்டுட்டேன். ஒங்க அத்த ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. “இந்த ஓட்ட வீட்டையும் குடுப்பீகளா?”ன்னு தரகரு சும்மா ஒரு வார்த்த கேட்டதுக்கு மட்டும், அவருக்குக் குடுத்த மோரத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா.

நெலம் வயித்தோட சேந்தது. வயிறு வேற வழி கண்டுக்கிருச்சுன்னா நெலத்த விட்டுப்புடலாம். வீடு அப்பிடியில்லங்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச சாட்சி நீகதான்.

2020-ல கொரோனா வந்தப்ப எங்க வந்தீக? பூட்டு துருவேறித் தெறக்காம, கல்ல எடுத்து ஒடச்சீக. உள்ள பனங்கை ஒண்ணு கரையான் தின்னு தொங்குது, அடுப்படியில ஒரு பூன குட்டி போட்டுக் கெடக்கு. அந்தப் பூனையவும் வச்சுக்கிட்டுத்தான் நாலு மாசம் குடித்தனம் பண்ணுனீக. ஒருத்தனாச்சும் வந்து வாடக கேட்டானா? மெட்ராசுல ஒங்க வீட்டுக்காரரு அந்த நாலு மாசத்துக்கும் போன்லயே கேட்டாருன்னு நீகதான் இந்தத் திண்ணையில ஒக்காந்து அழுதீக. அங்க சொந்தமா ஒரு செவரு எழுப்புனவன் இங்க வீட்ட யோசிக்காம விப்பான். வாடகச் சீட்டோட அலையிறவன் விக்கமாட்டான். சும்மா வெல மட்டும் கேட்டுக்கிட்டிருப்பான். நீக எட்டு வருசமா வெல கேக்குறீக மருமகனே.

ஒங்கய்யா ஊர விட்டுப் போனதுக்குப் பள்ளிக்கூடம்னு காரணம் சொல்லுவாரு. பொய். கொடம்! ஒங்க ஆத்தா, எந்தங்கச்சி, இருட்டோட எந்திரிச்சு ஊத்துக்குப் போவா. மணல்ல ஆள் ஒசரத்துக்குக் குழி. உள்ள எறங்கிக் குத்தவச்சு, ஊறுற தண்ணியச் செரட்டையில மோந்து மோந்து ஊத்தணும். அவசரப்பட்டா கலங்கிரும், அசந்தா மணல் சரிஞ்சிரும். ஒரு கொடம் நெறயிறதுக்குள்ள சூரியன் வந்துரும். பெறகு நாலு சக்கரத் தள்ளுவண்டியில கொடத்த அடுக்கி ரெண்டு மைல் தள்ளணும். சர்க்கார் உத்தியோகஸ்தரை மெரட்டணும்னா “ராம்நாட்டுக்கு மாத்திப்புடுவேன்”னு சொன்ன ஜில்லா இது. பொண்ணு கேட்டுப் போனா “மாப்ள என்ன வேல?”ன்னு கேக்கமாட்டாக, “தண்ணி எம்புட்டுத் தூரம்?”பாக. ஒரு நா எந்தங்கச்சி காலிக் கொடத்த வாசல்ல கவுத்துட்டு அதுமேல ஒக்காந்துட்டா. ஒங்கய்யா அன்னிக்கு ராத்திரியே டிக்கெட்டு எடுத்தாரு. இப்பக் காவிரித் தண்ணி திருச்சிப் பக்கமிருந்து கொழாயில வருது. வருதுன்னா, வார அன்னிக்கு வருது. அது அப்பவே வந்திருந்தா நீக இங்கனதான் கருப்பட்டி யாவாரம் பாத்துக்கிட்டிருப்பீக.

சரி, விக்கத்தான் போறீக. பத்திரம் யாரு பேருல இருக்கு? ஒங்க பூட்டன் பேருலயா? அவரு செத்து அறுவது வருசமாச்சு, கையெழுத்துக்கு எங்க போவீக? இது நத்தம். சித்தப்பாமாரு மூணு பேரு, அதுல ஒருத்தரு மலேசியாவுல. பெறகு ஒங்க அத்தைமாரு. பொம்பளப் பிள்ளைக்கும் பரம்பரச் சொத்துல பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் போட்டாச்சு. அதுல சட்டத்துக்கு முன்னாடியே கலியாணம் முடிஞ்ச பிள்ளைக்கு இல்லன்னு இருந்த ஓட்டையவும் 2005-ல டில்லியில அடச்சுட்டாக. அம்புட்டுப் பேரையும் ஒரே நாள்ல ரிஜிஸ்தர் ஆபீசுல நிறுத்துங்க, நான் ஒங்களுக்கு மால போடுறேன். வேத்தாளு வெலைக்கு வாங்க வந்தாக்கூடப் பங்காளிச் சண்டையப் பாத்துட்டு வந்த வழியே போயிருவான்.

எம் பேரன் போன்ல இதுக்குத் தோதா ஒரு சேதி படிச்சுக் காட்டுனான். சீனாவுல சோங்கிங்னு ஒரு பட்டணமாம். 2008-லருந்து நெலச்சீட்டுன்னு ஒண்ணு நடத்துறாகளாம். சம்சாரி கிராமத்து வீட்ட இடிச்சு வெளச்சல் நெலமா மாத்திக் குடுத்தா அதுக்கு ஒரு சீட்டு. பட்டணத்துல கட்டடம் கட்டுறவுக அந்தச் சீட்ட ஏலத்துல எடுப்பாக. அங்க வீட்டடி நெலம் ஊருப் பொதுவாம், இவனுக்கு இருக்கிறது அனுபோக பாத்தியத மட்டும். அதனால பங்காளி தொல்ல கொறச்சல் போல. நம்ம ஊருல அப்பிடி ஒரு வீட்ட இடிச்சா ஆறே மாசத்துல என்ன வெளையும்? சீமக் கருவ! அத வெட்டச் சொல்லி 2017-ல மதுர ஐகோர்ட்டே சொல்லிப் பாத்துச்சு. யாரு கேட்டா, கருவயா கேட்டுச்சு?

இன்னொண்ணு. 2024-ல கலைஞர் கனவு இல்லம்னு மூணரை லட்சம் குடுக்க ஆரம்பிச்சாக. யாருக்கு? குடிசையில இருக்கவுகளுக்கு, அதுவும் எடம் சொந்தமா இருந்தா. அடிமனைய வித்துட்டு வந்து நின்னா கனவு மட்டுந்தான் மிச்சம். நம்ம முண்டு மொளகாயே 2023-ல புவிசார் குறியீடு வாங்கி, ராமநாதபுரந்தான் எம் பூர்வீகம்னு சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிருச்சு, நீக என்னடான்னா பூர்வீகத்த விக்கணும்ங்கிறீக.

முடிவு பண்ணிட்டீகன்னா மாமன் ஒரு ரோசன சொல்றேன். வெல பேசுற அன்னிக்கு ஆத்தாவக் கூட்டியாராதீக. நெலக்கதவுல ஒங்க ஒசரத்தக் கரிக்கோடு போட்டு வச்சிருக்கா, அதத் தொட்டுட்டான்னா தரகருக்குச் சோறு போட்டு அனுப்பிருவா. மாசிச் சிவராத்திரிக்கு அடுத்து வாற வாரத்துல பேசாதீக, கொலசாமி கும்புட்ட மனசு அப்ப விக்க விடாது. கண்மாய் பெருகுன ஐப்பசி கார்த்திகையில வேண்டவே வேண்டாம், வீடே அழகாத் தெரியும். சித்திரை வெயில்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு, பேன் ஓடாதப்ப பேசுங்க. சட்டுனு முடிஞ்சிரும்.

எதுக்கும் சாவியக் குடுத்துட்டுப் போங்க. இல்ல, வேண்டாம், சாவி எங்கிட்டத்தான் இருக்கு. உள்ள வெள்ளாடு நாலு கட்டிக் கெடக்கு, ஒண்ணு செனையா இருக்கு. வித்தாலும் அது ஈனுன பெறகு விப்பீகளாம்.